பக்கத்தில் இருந்து பார்த்தவள்

பின்னேர ரயில் நெரிசலில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களின் கழுத்திலும் ஒரே சொஃப்ட்வெயார் கம்பனியின் அட்டை.

"நான் அழிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தனியா?" என்றாள் மூத்தவள்.

"ஓம் அக்கா. டெஸ்டுக்கு வைச்ச பொய் டேட்டா எண்டு நினைச்சு, கஸ்டமர்மாரின்ர உண்மையான டேட்டாவை அழிக்கிறீங்கள் எண்டு விளங்கினது."

"நான் டைப் பண்ணேக்க பிழை பிடிக்கத்தானே உன்னைப் பக்கத்தில இருத்தினது? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை ஒரு பிழை சொன்னனான். 'பேசாமப் பார்த்துப் பழகு' எண்டீங்கள். எல்லாரும் சிரிச்சவை."

ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டியது.

வெள்ளவத்தையில் இறங்கப்போன மூத்தவள் திரும்பினாள்.

"நாளைக்கு மனேஜர் கேட்டாலும் பேசாம இரு. நீ ஒண்டும் பார்க்கேல்ல. உன்ர வேலையாவது மிஞ்சட்டும்."