மஞ்சள் கேப்சூல்

எனக்குச் சப்பாத்தி நன்றாகவே வரும், வனஜா டாக்டர். புனே சாங்வியில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியின் மராட்டிப் பெண்களே என்னிடம் வந்து மாவுப் பதம் கேட்டுப் போவார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜெகதீசன் சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தார். கல்யாணமான புதிதில் என் சப்பாத்தியின் தடிமனைக் கம்பெனி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர், ஓரத்தில் இரண்டரை. விளையாட்டு என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் விளையாடினார். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "ரிஜெக்ட்" என்பார், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி ரோட்டு நடுவிலிருந்த டிவைடரில் அவர் தலை மோதியது. புனேக்காரர்களைப் பார்த்து ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டப் பழகியிருந்தார். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். வலது கை விழுந்திருந்தது, கிழமை தெரியவில்லை, பேச்சு பாதிதான். ஆனால் தட்டில் எதை வைத்தாலும் "நல்லாருக்கு பவுனு" என்று சாப்பிட்டார். கருகியதைக்கூட. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் புதுப்பெண் மாதிரி சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நீங்கள் உங்கள் ஆராய்ச்சியோடு வந்தீர்கள். "மூளையில அடிபட்ட இடத்துல ஒரு ஜெல் வைப்போம்மா. அது பந்தல் மாதிரி. அதுல ஸ்டெம் செல் கொடி மாதிரி படரும். பந்தல் இல்லேன்னா கொடி செத்துரும்" என்றீர்கள். செல்கள் வேறொருவருடையவை, உடம்பு அவற்றைக் கொன்றுவிடாமல் இருக்க ஆறு மாதம் வேளை தவறாமல் மஞ்சள் கேப்சூல் கொடுக்க வேண்டும் என்றீர்கள்.

"பழையபடி ஆயிருவாரா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உறுதி சொல்ல முடியாது. நம்பிக்கை இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் எதற்குக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. வேண்டாமென்றால் சொசைட்டியே காறித் துப்பும். கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் கொடி நன்றாகத்தான் படர்ந்தது. இரண்டாம் மாதம் கை எழுந்தது. மூன்றாம் மாதம் பேப்பரில் தலைப்பு படித்தார். தீபாவளி கழித்து டியூட்டிக்குப் போகிறேன் என்றார். ஒரு மதியம் சப்பாத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஓரம் தடிமனா இருக்கு" என்றார். "பரவால்ல, நல்லாருக்கு" என்றும் சொன்னார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து கேப்சூலுக்குப் பதில் என் கால்சியம் மாத்திரை. ரத்தப் பரிசோதனைக்கு நாலு நாள் முன்பிருந்து மட்டும் அசலைக் கொடுத்தேன். மருந்துக் கணக்குக்கு நீங்கள் கொடுத்த நோட்டில் தினமும் இரண்டு டிக் போட்டேன். உங்கள் நர்ஸ் ஜெனிபர் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, அதில் மருந்தே இல்லை என்று கண்டுபிடித்தது அவ்வளவு மரியாதையான காரியமில்லை.

என் வீட்டுக்காரர் மாத்திரையை மாற்றிய அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். தொழில் புத்தி போகுமா. "பவுனு, இது அது இல்ல. அது மஞ்சள்."

"மருந்துக் கம்பெனியில மாத்திட்டாங்க. முழுங்குங்க."

ஒரு வாரம் சண்டை போட்டார். உங்களுக்குப் பேசுகிறேன் என்று போனை எடுத்தார். விரல் இன்னும் சரியாக வளையவில்லை. நான் வாங்கி அலமாரி மேல் வைத்தேன். சில வாரம் கழித்து ஒரு காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதார். "மறுபடி எல்லாம் மறந்துக்கிட்டே வருது பவுனு. எனக்குத் தெரியுது" என்றார். முகத்தைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த மாதம் மாத்திரையின் நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, ஆமாம், நான்தான். உங்கள் ஜெல்லிலும் செல்லிலும் எந்தக் கோளாறும் இல்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக நாங்கள் இருந்ததில்லை. என்னை நம்பாவிட்டால் அவரிடமே கேளுங்கள். காலையிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்.