மார்ன் ஆத்துல முங்குனவரு

...அதத்தான் தங்கச்சி நானும் கேக்குறேன், ஃபயர் சர்வீசுக்கு எவ போன் பண்ணா? பூசை நடக்குது, தண்ணிக்குள்ள மனுசன் முங்கியிருக்காரு, வந்துட்டானுங்க சைரனப் போட்டுக்கிட்டு!

உள்ள படுத்திருக்காரே, எங்க வீட்டுக்காரரு லோபே, அவரத்தான் இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. ஒண்ணுமில்ல, குளிருதான். பளபளன்னு தாள்ல சுத்தி, சுடப்போற மீனாட்டம்... நீங்க ஏன் கையில கட்டோட? சரி சரி, வலிக்கும், பேசாதீங்க.

நாங்க ஸாவா ஆளுங்க. கேமரூன்ல, துவாலா. அங்க வருசா வருசம் ங்கொண்டோ திருவிழா. ஒருத்தர் சொரக்குடுவையோட வூரி ஆத்துல முங்குவாரு. அடியில தண்ணித் தாய்ங்க இருக்காங்கல்ல, அவங்க குடுக்குற சேதிய வாங்கிட்டுத்தான் மேல வருவாரு. பத்து நிமிசங்கூட ஆவும். கரையில ஒருத்தன் பயப்பட மாட்டான்.

இங்க பாரீசுல எங்க சங்கத் தலைவரு எப்பே இருக்காரே, "புள்ளைங்களுக்குப் பாரம்பரியத்தக் காட்டணும்"னு இருவது வருசமாப் பேசுறாரு. பேசி முடிச்சா வறுத்த மீனு, அப்புறம் வீடு. போன வருசம் பிரஸ்ஸல்ஸ்ல இருக்குற எங்க ஆளுங்க முங்கிட்டாங்களாம். எங்க? நீச்சல் குளத்துல! குளோரின் தண்ணில எந்தத் தாய் குடியிருப்பா? எனக்கு ரோசம் வந்துருச்சு. கூட்டத்துல எந்திரிச்சு, "எங்க வீட்டுக்காரரு முங்குவாரு"ன்னுட்டேன். அவரு மென்னுக்கிட்டிருந்தத முழுங்கிட்டு, "க்வெடி, எனக்கு அம்பத்தாறு வயசு"ன்னாரு. "தண்ணித் தாய் வயசா கேக்கப்போறா?"

இன்னைக்கு இந்த ஊரு மார்ன் ஆத்துல முங்குனாரு. நாங்க பாடுறோம்... சைரன்! ரெண்டு பேரு குதிச்சுத் தேடுனா ஆளக் காணோம். எங்க இருக்காருங்குறீங்க? கட்டிப்போட்ட படகுக்கு அந்தப் பக்கம், கழுத்தளவு தண்ணில, கயித்தப் புடிச்சுக்கிட்டு வெடவெடன்னு! பத்து நிமிசம் அங்க நின்னுட்டு வரலாம்னு ஐயா திட்டம். புள்ளைங்கல்லாம் கைதட்டிச் சிரிக்குதுங்க. "சேதி போச்சு! போன் பண்ண துரோகி யாரு?"ன்னு எப்பே குதிக்கிறாரு. நானும் சேந்து கத்துனேன், "அந்தா, நாயோட நிக்கிறாளே வெள்ளக்காரி, அவதான்!" பாவம், அவ ஒண்ணும் புரியாம எங்களுக்குக் கையாட்டிட்டுப் போனா.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க?

...ஆமா. நான்தான். அங்கிக்குள்ள ஒளிச்சு வச்சுப் பண்ணேன். மூணு நிமிசங்கூட ஆவல தங்கச்சி. எல்லாரும் பாடுறாங்க, தண்ணி அசையவே இல்ல. வூரியா இருந்தா சும்மா நின்னிருப்பேன், சத்தியமா. அந்தத் தண்ணிக்கு அவரோட அப்பன், பாட்டன் எல்லாரு பேரும் தெரியும். இந்த ஆத்துக்கு அவரு யாரு? இருவத்தாறு வருசமா பஸ் ஓட்டுறாரு, எதிர் வீட்டுக்காரனுக்கே அவரு பேரு தெரியாது. இது அவர எப்பிடித் திருப்பிக் குடுக்கும்? அப்பிடியே நம்ம தாய்ங்க இங்க வரணும்னாலும், விசா குடுத்திருப்பானா?

ஆனா கேளுங்க. வண்டியில என் கையப் புடிச்சுக்கிட்டு அவரு மெதுவாச் சொல்லுறாரு: "க்வெடி, அந்த வெள்ளக்காரியத் தேடிப்புடிச்சு நன்றி சொல்லணும்டி. கை மரத்துப்போச்சு. கயித்த விட்டுட்டேன்னுதான் நெனச்சேன்."

நான் அந்தப் பளபளத் தாள அவரு கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன்.

நாளைக்கு அவ வீட்டக் கண்டுபுடிச்சு, ஒரு சட்டி சமைச்சு எடுத்துட்டுப் போவணுமாம். நீங்களே சொல்லுங்க, நான் எந்த வீட்டுக் கதவத் தட்டுறது?