அருந்ததி ரீச்சர் பெயரில் ஒரு வாலட்

ஒரு கோப்பை பிளேன்ரீயை அந்தக் கொப்பியின் மேல் ஊற்றியது நான்தான். மற்றவற்றைச் சொல்வதற்கு முதல் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள் சேர், நன்றி. என் சிங்களம் மீன் வாங்கப் போதும். இதற்குப் போதாது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் என் கடை. ரீலோட், போட்டோக்கொப்பி, உடைந்த போன் திருத்துவது. கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர் அருந்ததி ரீச்சர், கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மகன் கிஷாந்துக்கு மால்டாவில் கணினி வேலை. கம்பனி சம்பளத்தைக் கிரிப்டோவில் கொடுக்கும்; அவன் அதிலேயே தாய்க்கும் அனுப்புவான். ரீச்சரின் போனில் வாலட் போட்டுக் கொடுத்ததும், வந்ததை ரூபாயாக்கிக் கையில் கொடுத்ததும் நான்.

வாலட்டின் முகவரி எழுத்தும் இலக்கமுமாக நாற்பத்திரண்டு. ரீச்சர் போனை நம்பமாட்டார். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில், கட்டத்துக்கு ஒன்றாக, சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தார். மாதாமாதம் கடைக்குக் கொண்டுவந்து, போனில் உள்ளதோடு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அதன்மேல்தான் பிளேன்ரீ. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது.

இப்போதெல்லாம் அந்த நீள முகவரிக்குப் பதிலாகப் பெயர் ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். மகன் தாயின் பெயரை அடித்தால் போதும், காசு வந்து சேரும். பெயர் என்பது வாசலில் தொங்கும் பலகை. பலகைக்குச் சொந்தக்காரன் அதை எந்த வீட்டு வாசலிலும் கொழுவலாம். வருடக் கட்டணம் கட்டக் கார்ட் வேண்டும், ரீச்சரிடம் இல்லை. அதனால் பலகைக்குச் சொந்தக்காரன் நானானேன்.

ஒரு வருடம் சதமும் பிசகவில்லை. பிறகு கடைச் சொந்தக்காரர் அட்வான்சைக் கூட்டினார். ஒரே ஒரு மாதத்துக்கென்று பலகையைக் கழற்றி என் வாலட்டின் வாசலில் கொழுவினேன். உலகமே பார்க்கும்படி பொது ஏட்டில் பதிவாகிற வேலை அது. ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மாதம் முடியவுமில்லை.

ஒன்றரை வருடம் எப்படிப் பிடிபடாமல் இருந்தாய் என்று கேட்டீர்கள். தாயும் மகனும் ஒவ்வொரு நாளும் கதைப்பார்கள் சேர். சாப்பாடு, மழை, தெஹிவளை மச்சாளின் கலியாணப் பேச்சு, எல்லாம் கதைப்பார்கள். காசு மட்டும் வாயில் வராது. அனுப்பினேன் என்று மகன் சொன்னால் அது சொல்லிக்காட்டுவது. வரவில்லை என்று தாய் சொன்னால் அது கையேந்துவது. இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் நான் கடை திறந்து வைத்திருந்தேன்.

"தம்பி, ஏதும் வந்ததோ?" என்பார் ரீச்சர், ரீலோட் போட வந்தவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கிஷாந்த் எனக்குத் தனியாக எழுதுவான்: "அண்ணை, அம்மாவுக்குச் சேர்ந்ததோ? நான் கேட்டனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. அந்த விசயத்தில் நான் வாக்குத் தவறாதவன்.

கிஷாந்தின் வேலை கொஞ்சம் ஆட்டங்காண்கிறது என்று ரீச்சருக்கு மெதுமெதுவாகச் சொன்னேன். ஒரேயடியாகச் சொன்னால் தாங்கமாட்டார். அப்போதே அவர் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருந்தது. ஒப்பரேசன் செய்யாவிட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகனுக்குச் சொல்லவேண்டாம் என்றார் ரீச்சர்; நான் அவனுக்கு மட்டும் எழுதினேன், அம்மாவிடம் கேட்டுவிடாதே என்றும். அதற்கென்று கிஷாந்த் ஒரே தடவையில் அனுப்பியது, பலகை தொங்கிய வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒப்பரேசன் முடிந்தது, அம்மா வடிவாகப் பார்க்கிறா என்று அவனுக்கு எழுதினேன். பிள்ளை அந்நிய தேசத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ரீச்சர் கண்ணுக்கு விடும் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தார். பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்து, விற்று மகனுக்கு அனுப்பிவிடச் சொன்னார். வேலையில்லாத பிள்ளை பட்டினி கிடப்பானாம். அந்தக் காசையும் என் வாலட்டிலேயே போட்டேன். தாயின் காசும் மகனின் காசும் ஓரிடத்தில் இருப்பதுதானே முறை. அந்த நாட்களில்தான் அவரை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன். பாணுக்கும் மருந்துக்கும் மூன்று மாடி ஏறி இறங்கினது நான். அதற்குக் கூலி எடுத்ததில்லை.

பார்வை முழுதாகப் போனபின், வீடியோவில் கதைக்கும்போது மகன் கண்டுபிடிக்காமல் இருக்க என்ன வழி என்று என்னிடம்தான் கேட்டார். ஒரு கையால் போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். மற்றக் கையால் அவர் நாடியைப் பிடித்து முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

"எல்லாம் வடிவாத் தெரியுதோ அம்மா?" என்றான் கிஷாந்த், திரையில்.

"ஓம் ராசா. நீதான் மெலிஞ்சு போனாய்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் துடைக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை கிஷாந்த் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கினான். கதவைத் திறந்த தாய், முன்னால் நின்ற மகனைப் பார்த்து, ஆர் அது என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் முதல் தடவையாகக் காசைப் பற்றி வாய்திறந்து கதைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் இருவரும் என் கடையில் நின்றார்கள்.

கிஷாந்த் வாசலில் நின்று உங்களுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தான். நான் ரீச்சரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். எல்லாவற்றையும் எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவேண்டியிருந்தது வேறொன்று. இவ்வளவு காலமும் என்னைத் தன் பிள்ளையைப் போலத்தானே நினைத்தார் என்று கேட்டேன்.

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இல்லைத் தம்பி. பிள்ளையெண்டு நினைச்சிருந்தால், காசு வந்ததோ எண்டு உம்மட்டைக் கேட்டிருக்கவே மாட்டன்."