மாடு தின்ற சைக்கிள்

“பாய், உங்க சைக்கிள எங்க மாடு துன்னுட்டுதுங்க.”

மலையடிவாரத்து அமிர்தியில், ஒரு மரத்தடியில் பஸ்ஸுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த நான், கண்ணைத் திறக்காமலே நன்றாக விழித்துக்கொண்டேன். சொன்னவர் ஜவ்வாது மலையிலிருந்து மாடு ஓட்டி வந்த கவுண்டர். கேட்டவர் கடுக்காய் வாங்க வந்த வேலூர் பாய். யுத்தகாலத்தில் டியூப் கிடைக்காமல், டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டுகிறவர்.

“மொத்தமுமா?”

“முன்சக்கரம் மட்டுந்தாங்க. ஓரத்துல நீட்டிக்கினு இருந்துச்சு, புடிச்சி உருவிட்டுது. பின்சக்கரத்துக்குப் போறதுக்குள்ள தடுத்துட்டேன்.”

“இன்னா கவுண்டரே! சாயந்திரம் தங்கச்சிக்கு நிக்காஹ். அத்தா இல்லாத பொண்ணு, அவரு எடத்துல நான் போய் நின்னாதான் நடக்கும்.”

“பஸ்ல போலாமே?”

“பெட்ரோல் இல்லாம கரியில ஓடற பஸ்ஸாச்சே, வழியிலயே படுத்துக்கிச்சு. இன்னிக்கு வராதாம்.”

காலையிலிருந்து காத்திருந்த எனக்கு இதை யாருமே சொல்லவில்லை. குறட்டை விடுகிறவனிடம் யார்தான் சொல்வார்கள்!

கவுண்டர் வேப்பந்தழையை ஒடித்து வந்து டயருக்குள் இறுக்கித் திணித்தார்.

“கசப்புங்க. எந்த மாடும் வாய வெக்காது.”

“ஆடு?”

கவுண்டர் இன்னொரு பிடி தழையைத் திணித்தார்.

“ஆட்டப் பாத்தா மட்டும் நிக்காம போய்டுங்க, பாய்.”

“நிக்கறதுக்கு பிரேக் இருந்தாத்தானே!”

பாய் ஏறி மிதித்தார். சைக்கிள் குதித்துக் குதித்து வேலூர்ப் பக்கம் ஓடியது. பஸ் இல்லாத நான் என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் உதிர்ந்த வேப்பந்தழையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன், ஆடு மாதிரி.