ஒன்று, இடமிருந்து வலம்

— முதல்ல அந்த நெட் ஒயரைப் பிடுங்கு அக்கா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

— எது, நீலமா, மஞ்சளா?

— நீலம். மஞ்சள் அத்தானோட டார்ச் சார்ஜர். வீட்டுல ஒரு பிளக்கை விட்டு வைக்க மாட்டாரே.

— டார்ச் இல்லாம லிஃப்ட் குழிக்குள்ள இறங்க முடியுமா மாப்ளே? நான் பாட்டுக்கு என் மூலையில உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைச்சிட்டிருக்கேன். என்னை எதுக்கு இழுக்கறே?

— பிடுங்கிட்டேன்டா. திருடன் வெளிய போயிட்டானா?

— இப்போதைக்குக் கதவைச் சாத்தியாச்சு, அவ்வளவுதான். இனிமே நிதானமா முதல்லேர்ந்து சொல்லு. போன்ல நீ பேசினதுல 'கட்டம்', 'போச்சு', இந்த ரெண்டு வார்த்தைதான் எனக்குப் புரிஞ்சுது.

— சரி, கேளு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வாரக் குறுக்கெழுத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இன்னைக்குக் காலைல பத்திரிகை வந்துது. பிரிச்சுப் பார்த்தா, பதினாலாவது குறிப்பு நான் எழுதினதே இல்ல.

— ஆசிரியர் மாத்தியிருப்பார்.

— அவருக்குத்தான் முதல்ல போன் போட்டேன். 'பதினோரு வருஷத்துல உங்க புதிர்ல நாங்க ஒரு புள்ளியைக்கூடத் தொட்டதில்லம்மா, நீங்க அனுப்பினது அப்படியே வந்திருக்கு'ன்னுட்டார். என் பென்சில் நோட்டுல ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்ல வேற இருக்கு. ஃபைலோட நேரத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலைல ஆறு இருபதுக்குத் திருத்தியிருக்கு. அப்போ நான் பார்க்ல மூணாவது சுத்து நடந்துட்டிருப்பேன்.

— அத்தான்?

— அவர் எட்டு மணி வரைக்கும் குறட்டை. அதோட இந்த மனுஷனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பதினோரு வருஷமா என் கட்டத்துல ஒரு எழுத்து போட்டுப் பார்த்ததில்ல.

— முதல் வாரமே ஒரு தப்பு சொன்னேன் மாப்ளே. 'நீங்க போய் லிஃப்டைப் பாருங்க'ன்னு ஒரே போடு. மூணு நாள் பேச்சில்ல. அதுக்கப்புறம் நான் ஏன் அந்தப் பக்கம் போறேன்?

— அது முதல் வாரம். யாராவது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்வாங்களான்னு காத்துட்டிருந்தேன். இவர் வந்து தப்பு எங்கேன்னு விரல் வெச்சுக் காட்டறார்.

— சரி சரி, பழைய பஞ்சாயத்து வேண்டாம். ஒரு குறிப்புதானே மாறியிருக்கு, விட்டுத் தள்ளேன்.

— ஒண்ணு இல்லடா. பயந்து போய்ப் பழைய ஃபைல் எல்லாத்தையும் பார்த்தேன். முப்பத்தி நாலு வாரமா செவ்வாய்க்கிழமை காலைல ஆறுலேர்ந்து ஏழுக்குள்ள யாரோ உள்ள வந்திருக்காங்க. அதைவிடப் பெரிய பயம், ஆண்டு மலருக்கான பரிசுப் புதிரும் இதே கம்ப்யூட்டர்லதான் இருக்கு. முதல் பரிசு ஃப்ரிட்ஜ். விடை வெளிய போச்சுன்னா என் பேர் நாறிடும். அஞ்சு மணிக்குள்ள பத்திரமா இருக்கா இல்லையான்னு சொல்லுங்க, இல்லைன்னா வேற ஆளை வெச்சுக்கறோம்னு ஆசிரியர் சொல்லிட்டார். மலருக்கு மட்டும் இல்ல, மொத்தத்துக்கும்.

— இப்போ மணி மூணேகால். தள்ளு, நான் உட்காரறேன். இது என்ன, சி.பி.யு.வுக்குப் போர்வை?

— பூ வேலை பண்ணின உறை. தூசி படியக் கூடாதுன்னு.

— உள்ள இருக்கற ஃபேன் மூச்சு விட வழியில்லாம கத்துது, கேட்கலையா? ஓடும்போது மூடாதே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கரண்டை நிறுத்திட்டு, திறந்து, மெல்லிசு பிரஷ்ல தூசியைத் தட்டினாப் போதும்.

— எங்க லைன்ல மோட்டார் ரூமுக்கு ஜன்னல் இல்லைன்னா கையெழுத்தே போட மாட்டோம்.

— கேட்டியா அக்கா? அத்தானுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலை. ஐயோ, இது என்ன, அப்டேட் கேட்டு எத்தனை நாளா நிக்குது?

— 'பிறகு நினைவூட்டு'ன்னு ஒரு பட்டன் இருக்கே. தினமும் அதைத்தான் அமுக்குவேன்.

— ஓட்டையை அடைக்க ஆள் வந்து வாசல்ல நிக்கறான். நீ தினமும் நாளைக்கு வான்னு அனுப்பறே. இந்தா, இது ஒரு ஆன்ட்டி வைரஸ், இது இன்னொண்ணு, இது மூணாவது. மூணும் ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு அடிச்சுக்குது. ஒண்ணு இருந்தாப் போதும். பேக்கப் எங்க வெச்சிருக்கே?

— அதெல்லாம் கரெக்டா பண்ணிடுவேன். அதோ பாரு, திரையில வரிசையா இருக்கு. 'நகல்', 'நகலின் நகல்', 'கடைசி நகல்', 'நிஜமாகவே கடைசி'.

— எல்லாம் இதே டிஸ்க்லயா?

— வேற எங்க வைப்பாங்க?

— எல்லாக் கயித்தையும் ஒரே ஆணியில மாட்டின கதை. நாங்க லிஃப்டுக்கு நாலு, அஞ்சு கயிறு போடறதே ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கறதுக்குத்தான்.

— இன்னைக்கு அத்தான் ஃபார்ம்ல இருக்கார். அக்கா, இது ஒண்ணு, வெளிய ஒரு டிஸ்க்ல ஒண்ணு, இந்த வீட்டுலயே இல்லாம என் வீட்டுல ஒண்ணு. அந்த வெளி டிஸ்க்கையும் வேலை முடிஞ்சதும் கழட்டி பீரோவுல வெச்சிடணும். மாட்டியே வெச்சிருந்தா வர்ற வைரஸ் அதையும் சேர்த்துச் சாப்பிடும். சரி, இப்போ பாஸ்வேர்ட் சொல்லு. திரையில ஒட்டி வைக்கலையே?

— சே சே. நீதானே ஒட்டாதேன்னு சொன்னே. டைரியிலயும் எழுதாதே, பிறந்த நாள் வேண்டாம், வாரா வாரம் மாத்துன்னும் சொன்னே. எல்லாத்தையும் அப்படியே பண்றேன்.

— வாரா வாரம் மாத்தச் சொன்னது என் தப்புதான். நீளமா, யாரும் ஊகிக்க முடியாததா ஒண்ணு இருந்தா அதை மாத்திட்டே இருக்க வேண்டாம். அது போகட்டும். வாரத்துக்கு ஒண்ணுன்னா எப்படி ஞாபகம் வெச்சுக்கறே?

— அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்.

— என்ன வழி?

— பத்திரிகையில இருக்கும்.

— எந்தப் பத்திரிகையில?

— நம்ம பத்திரிகையிலதான். அந்த வாரப் புதிர்ல ஒன்று, இடமிருந்து வலம். அதுக்கு வர்ற விடையும், மேலிருந்து கீழ்ல கடைசி விடையும். ரெண்டையும் சேர்த்து அடிச்சா பாஸ்வேர்ட். சனிக்கிழமை புதுப் பத்திரிகை வந்ததும் மாத்திடுவேன். மறந்தா மடியில வெச்சுப் பார்த்துக்கலாம்.

— அக்கா.

— என்னடா?

— அந்தப் பத்திரிகை எத்தனை பிரதி விக்குது?

— முப்பதாயிரம். ஒரு பிரதியை நாலு பேர் படிக்கறாங்கன்னு ஆசிரியர் சொல்வார்.

— லட்சத்து இருபதாயிரம் பேருக்கு வீட்டுச் சாவியை அச்சடிச்சு வித்திருக்கே. அத்தான், சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? இருமல்.

— அது பாஸ்வேர்ட்னு யாருக்குடா தெரியும்? நான் என்ன குறிப்புலயா போட்டிருக்கேன், 'கம்ப்யூட்டரைத் திறக்க உதவுவது, எத்தனை எழுத்து'ன்னு?

— நீ மடியில வெச்சுப் பார்க்கறதை ஒருத்தர் ஒரு தடவை பார்த்தாப் போதாதா? இரு, வெளியிலேர்ந்து எந்த வழியா வந்தான்னு பார்க்கறேன். ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல.

— டேய், உன் முகம் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சிட்டு இப்படித்தான் நிப்பே.

— போன வருஷம் உன் பிரிண்டர் தகராறு பண்ணினப்போ, என் வீட்டுலேர்ந்தே பார்க்கறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். அதை எடுக்க மறந்துட்டேன். திறந்தே கிடக்குது.

— அதுக்கு நீ என்ன பாஸ்வேர்ட் வெச்சே?

— அவசரத்துல வெச்சது.

— என்ன வெச்சே?

— ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்.

— மாப்ளே, இப்போ நான் சிரிச்சது சிரிப்புதான்.

— சிரிங்க அத்தான். ஆனா விஷயம் சின்னது இல்ல. கண்டிப்பா இந்த வழியாத்தான் எவனோ வந்திருக்கான். ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை அணைக்காம விட்டுடறா, விடியற நேரத்துல வந்து போயிருக்கான். நாம நாலரை மணிக்கு போலீஸ் ஸ்டேஷன் போய் ஒரு புகார் குடுத்துடலாம்.

— போலீசா? எதுக்கு மாப்ளே அவ்வளவு தூரம்? ஒண்ணும் திருடலையே.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— பொதுவா சொன்னேன். பாவம், எவனோ வேலை வெட்டி இல்லாதவனா இருப்பான்.

— அக்கா, புகாருக்கு விவரம் வேணும். அவன் என்னென்ன மாத்தினான், ஒண்ணொண்ணா சொல்லு. எழுதிக்கறேன்.

— அதைத்தான்டா காலைலேர்ந்து நோட்டோட வெச்சுப் பார்த்துட்டிருக்கேன். இந்தா, இது பிப்ரவரி மாசம். 'கதவின் காவல்'னு குறிப்பு, விடை தாழ்ப்பாள். நான் நாலு எழுத்துன்னு போட்டிருக்கேன். அஞ்சுன்னு மாத்தியிருக்கு.

— எண்ணிப் பார்த்தா?

— அஞ்சுதான். அடுத்தது இது. ஒரே குறிப்பை ரெண்டு இடத்துல போட்டிருக்கேன், ஒண்ணை மாத்தியிருக்கு. இதுல ஒரு கறுப்புக் கட்டம் விட்டுப் போச்சு, போட்டிருக்கு.

— இரு இரு. எல்லாமே உன் தப்பைத் திருத்தினதா?

— எல்லாமே. முப்பத்தி நாலு வாரத்துல, நான் சரியா எழுதின ஒரு எழுத்தைக்கூடத் தொடலை. இந்த வருஷம் ஒரு வாசகர் கடிதம்கூடத் தப்பு சொல்லி வரலைன்னு ஆசிரியர் பாராட்டினாரே, ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேனே. அந்தப் பாராட்டு எனக்கில்லடா.

— விசித்திரமான திருடனா இருக்கானே.

— முதல்ல கோபமாத்தான் வந்துது. இப்போ நோட்டைப் புரட்டப் புரட்ட எனக்கு அழுகையா வருது. நான் பாட்டுக்கு எழுதி அனுப்பறேன், யாராவது போடறாங்களா, பஜ்ஜி மடிச்சுத் தூக்கிப் போடறாங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. யாரோ ஒருத்தர் வாரா வாரம் உட்கார்ந்து, ஒரு கட்டம் விடாம எழுத்து எழுத்தாப் போட்டுப் பார்த்திருக்காங்க.

— உணர்ச்சிவசப்படாதே. இந்த வாரப் பதினாலு என்ன, அதைச் சொல்லு.

— விடை கயிறு. 'லிஃப்ட் விழாமல் பிடித்துக்கொள்வது'ன்னு நான் எழுதினேன். அதை 'லிஃப்டை மேலே இழுப்பது'ன்னு மாத்தியிருக்கு.

— இதுல என்ன தப்பு? கயிறுதானே பிடிக்குது?

— அதெப்படி மாப்ளே? கயிறு இழுக்கற வேலையைத்தான் பார்க்கும். விழாம பிடிக்கறது பெட்டிக்கு அடியில இருக்கற கவ்வி. வேகம் மீறினா ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கிட்டு நின்னுடும். இது தெரியாம அச்சுல வந்தா, ஊர்ல இருக்கற லிஃப்ட்காரன் எல்லாம் சிரிப்பான்.

— எழுதிக்கறேன். கவ்வி. அக்கா, அத்தானை ஏன் அப்படிப் பார்க்கறே?

— ஒண்ணுமில்ல. ஏங்க, சனிக்கிழமை சனிக்கிழமை பத்திரிகை வாங்கப் போனா ரெண்டு மணி நேரம் ஆகுதே உங்களுக்கு. கடை தெருக்கோடியிலதானே இருக்கு?

— டீ குடிச்சிட்டு வர்றதுதான். கூட்டம்.

— டீக்கடையில பென்சில் குடுப்பாங்களா? உங்க சட்டைப் பையில எப்பவும் ஒரு பென்சில் கிடக்கு, துவைக்கும்போதெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்.

— எங்க லைன்ல பென்சில் இல்லாம முடியாதும்மா.

— முடியாது, முடியாது. டேய், புகார் எல்லாம் வேண்டாம். பரிசுப் புதிருக்கு ஒண்ணும் ஆகலை. ஆசிரியருக்கு போன் போட்டு நான் சொல்லிடறேன்.

— ஆள் யாருன்னே தெரியலை. எதை நம்பி உத்தரவாதம் குடுப்பே?

— குடுப்பேன். நீ உன் வேலையை முடி.

— என்னவோ பண்ணு. என் சாஃப்ட்வேரைத் தூக்கியாச்சு. அப்டேட் எல்லாம் போட ஒயரைத் திரும்ப மாட்டறேன். புது பாஸ்வேர்ட் நீயே அடி, நான் திரும்பிக்கறேன். சம்பந்தமில்லாத நாலு வார்த்தை, நீளமா. பத்திரிகையில வராத வார்த்தை. போன்ல ஒரு எண்ணும் வந்தாத்தான் திறக்கற மாதிரி வெச்சிருக்கேன், அந்த எண்ணை யார் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதே. நான்னு சொல்லிட்டுக் கேட்டாலும். இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு கணக்கு வெச்சுக்கறதுதான் நல்லது. அத்தானுக்கும் ஒண்ணு போடவா?

— அவருக்கு எதுக்குடா? அவர் அந்தப் பக்கமே போறதில்லையே. அடிச்சிட்டேன், நாலு வார்த்தை. எனக்கு மட்டும்தான் தெரியும். இனிமே யாரும் என் கட்டத்தைத் தொட முடியாது. செவ்வாய்க்கிழமை பரிசுப் புதிர் போகணும். தப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், திருத்தத்தான் யாரும் இல்லையே.

— கேட்டீங்களா அத்தான்? இப்பத்தான் அக்கா சரியாப் பேசறா. ஒரு ஈ, எறும்புகூட உள்ள போக முடியாது. நான் கிளம்பறேன். என்ன அத்தான், ஸ்பேனரை அப்போலேர்ந்து துடைச்சிட்டே இருக்கீங்க? ஏதாவது சொல்லணுமா?

— இல்ல மாப்ளே, ஆளுக்கு ஒரு கணக்குன்னு சொன்னியே, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போயேன். தினமும் வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலைல மட்டும் திறந்தாப் போதும்.