‘போயிட்டு வா’ என்று ராக்கெட் விட்டவருக்கு

பொம்மைத் தொழிற்சாலையின் சோதனை அறையை ஏவுதளமாக்கிய ஏந்தலே! ரப்பர் பேண்டை முதற்கட்ட உந்துவிசை என்றும், பலூன் காற்றை எரிபொருள் என்றும், காலி பிஸ்கட் டப்பாவைக் கட்டுப்பாட்டு மையம் என்றும் கூசாமல் பதிவேட்டில் எழுதிய கோமானே! முப்பத்தொரு ஆண்டுகள் சாவி முறுக்கியும் சலிக்காமல் இன்று ஓய்வு பெறும் செம்மலே! வணக்கம்.

பத்திலிருந்து ஒன்று வரை எண்ணாமல் தாங்கள் எந்தப் பொம்மையையும் விட்டதில்லை. சாவி கொடுத்தால் தாவும் தகரத் தவளைக்கும் அதே மரியாதைதான். ஆனால் பூஜ்யம் மட்டும் சொல்ல மாட்டீர்கள். “போயிட்டு வா” என்பீர்கள். ஏன் என்று கேட்டால், “வழியனுப்புறப்போ யாராவது பூஜ்யம்னு சொல்லுவாங்களா?” என்று எங்களையே மடக்குவீர்கள்.

அந்த வியாழக்கிழமையை மறப்போமா? ஸ்பிரிங் ராக்கெட் நேராகப் பறக்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மறுநாள் மொத்த வியாபாரி பார்க்க வருகிறார். அந்த நேரம் பார்த்து, இறக்கை ஒட்டும் அச்சை நாங்கள் கோணலாக மாட்டி, நானூறு ராக்கெட்டுகளின் இறக்கைகளையும் ஒரே பக்கமாகச் சாய்த்து ஒட்டித் தொலைத்தோம். பசை காய்ந்த பிறகுதான் பதினொரு பேரும் பார்த்தோம். “அண்ணே, எல்லாத்தையும் பிச்சுடட்டுமா?” என்று பசை போடும் அக்கா அழுதார்.

தாங்கள் திட்டவில்லை. ஒரு ராக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்த பம்பரத்தை எடுத்து மேசையில் சுழல விட்டீர்கள்.

“சுத்துற வரைக்கும் இது சாயுதா? இதுவும் சுத்திக்கிட்டே நேராப் போகும்மா. கண்ணைத் துடைங்க.”

மறுநாள் வியாபாரி முன்னால் தாங்கள் எண்ணிய பத்து, எங்களுக்குப் பத்து வருஷம். ராக்கெட் சுழன்றுகொண்டே நூல் பிடித்தாற்போல் முற்றத்தைக் கடந்து, முதலாளியின் ஜன்னலுக்குள் புகுந்து, அவருடைய தேநீர்க் கோப்பையில் தரையிறங்கியது. இலக்கே அதுதானா என்பதை இன்றுவரை தாங்கள் சொல்லவில்லை. “இந்தக் கோணல் ராக்கெட்டே வேணும்” என்றார் வியாபாரி. அன்று தப்பிய பிரிவில்தான் இன்றும் எங்கள் அடுப்பு எரிகிறது. அச்சை இப்போதெல்லாம் வேண்டுமென்றே கோணலாக மாட்டுகிறோம்.

ஓய்விலும் தங்கள் ஸ்பிரிங் தளராதிருக்கட்டும். உடல்நலமும் உற்சாகமும் நூறு தாண்டியும் கூடவே வரட்டும்.

இதைப் படித்து முடித்ததும் பதினொரு பேரும் பத்திலிருந்து எண்ணப் போகிறோம். ஒன்றுக்குப் பிறகு பூஜ்யம் சொல்ல மாட்டோம். தாங்கள் பழக்கியபடியே சொல்லிவிடுவோம்.

போயிட்டு வாங்க, அண்ணே.

அன்பு மாறாத,
இறக்கையைக் கோணலாக ஒட்டிய பதினொரு பேர்,
ஸ்பிரிங் ராக்கெட் பிரிவு