ஆச்சிக்கே அனுமதி இல்லை

நாகம்மை: ஹோட்டலுக்கு முதலாளி நான். என்னையப் பாத்து, “ஆச்சிதான்னு எப்படி நம்புறது”ங்குறான்!

ரேணுகா: யாரு ஆச்சி... நம்ம கம்ப்யூட்டருக்குக் காவல் போட வந்த தேவகோட்டை உதயகுமாரா?

நாகம்மை: அவனேதான். உள்ள போக முடியல, கொஞ்சம் தெறந்து விடப்பான்னு போன் போட்டேன். முடியாதுன்னுட்டான். கத்துனேன். அப்பவும் பதமாப் பேசுறானே தவிர...

ரேணுகா: தெறக்கல.

நாகம்மை: சிரிக்காத!

ரேணுகா: சிரிக்கல ஆச்சி. புது போன்ல இருந்தா முயற்சி பண்ணீக?

நாகம்மை: ஆமா, மக வாங்கிக் குடுத்தது.

ரேணுகா: அத இன்னும் நம்ம ஹோட்டல் கணக்குல பதியல. அதான்... அப்படி எதைப் பாக்க நெனச்சீக?

நாகம்மை: அது... ரூம் புக்கிங்தான். அத விடு. இந்தக் காவல் வேலைக்கு வந்த மூணு கம்பெனியையும் ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாத்தியே, என்னாச்சு?

ரேணுகா: மூணு பேருக்கும் ஒங்க குரல்லயே பேசி, பாஸ்வேர்டை மாத்திக் குடுன்னு கேட்டேன்.

நாகம்மை: என் குரல்லயா? எங்க, பேசு.

ரேணுகா: “ஏப்பா, நாகம்மை பேசுறேன். கதை வேணாம், வேலையப் பாரு.”

நாகம்மை: அடி பாவி! நான் இப்படியா பேசுறேன்?

ரேணுகா: சென்னைக்காரங்க அசந்துட்டாக. “சரிங்க மேடம்”னு உடனே மாத்திட்டாக.

நாகம்மை: அம்புட்டு பெரிய கம்பெனி! பெங்களூர்க்காரன்?

ரேணுகா: ஒரு கேள்வி கேட்டாக. நீங்க எழுதிக் குடுத்த கேள்விதான். “ஒங்க கோயில் எது?”

நாகம்மை: இளையாத்தங்குடி... ஐயையோ!

ரேணுகா: பொண்ணு கேட்டு வாரவுக மொதல்ல கேக்குறதே எந்தக் கோயில் பிரிவுன்னுதான ஆச்சி? நம்ம பூக்காரருக்கே தெரியும்.

நாகம்மை: எங்க ஆளுகளுக்கு அதை ஒளிக்கணும்னு தோணுமாடி? பெருமையாச் சொல்லுவோம்... சரி, உதயகுமார்?

ரேணுகா: என்ன மெரட்டியும் மசியல.

நாகம்மை: அப்ப என்னைய மட்டும் தடுக்கலையா? நல்லவேளை.

ரேணுகா: அதுக்குப் பேருதான் ஜீரோ ட்ரஸ்ட் ஆச்சி. யாரா இருந்தாலும், எந்த போனா இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் விடும்.

நாகம்மை: யாரையும் நம்பாதன்னா... பேரே சரியில்லையே.

ரேணுகா: போன வருசம் விருந்தாளிக பாஸ்போர்ட் நகலெல்லாம் வெளிய போச்சுல்ல? எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரு கைன்னே தெரியாமப் போச்சு. இனி சமையக்கட்டுக்குச் சாப்பாட்டு ஆர்டர் மட்டும் தெரியும், ரிசப்ஷனுக்கு ரூம் மட்டும் தெரியும். வேலைக்கு வேண்டியது தவிர வேற தெறக்காது.

நாகம்மை: ஜெர்மனி டூர்க்காரன் ஒத்துக்குவானா? இந்தத் தடவ அவன் ஆள் அனுப்பலன்னா நம்ம கதவ மூட வேண்டியதுதான்.

ரேணுகா: இதைத்தான் ஆச்சி கேட்டதே அவுக.

நாகம்மை: யோசிச்சா... அண்ணன் தம்பியெல்லாம் ஒண்ணா இருந்த எங்க வளவு வீடும் இப்படித்தான. தலைவாசல் தெறந்தே கெடக்கும். கல்யாணமான மகனுக்கெல்லாம் தனி அறை, தனிப் பூட்டு.

ரேணுகா: அண்ணன் தம்பிய நம்பாமலா பூட்டுனாக?

நாகம்மை: சேச்சே! நாளைக்கு ஒரு பொருள் காணோம்னா, ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படக் கூடாதுல்ல.

ரேணுகா: அதான் ஆச்சி. போன வருசம் அந்த நகல் வெளிய போனதுல எம்பேரும் அடிபட்டுச்சுல்ல. இன்னொரு புள்ளைக்கு அது வரக்கூடாது.

நாகம்மை: இந்த வேலைய உதயகுமாருக்கே குடுத்துரு. அம்புட்டு வசவு வாங்கியும் அசையலையே, மகராசன்! அவன் கெட்டிக்காரன். அவனைத் தேடிப் புடிச்ச நீ அவனுக்கும் மேல.

ரேணுகா: ஆச்சி வாயால இப்படிக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!

நாகம்மை: ரேணுகா... அன்னிக்கு நான் தெறக்கச் சொன்னது ரூம் புக்கிங் இல்லத்தா.

ரேணுகா: தெரியும் ஆச்சி.

நாகம்மை: அவன் சொன்னானா?

ரேணுகா: அவுக வாயே தெறக்கல. “ஒங்க மெயிலைப் பாக்க முதலாளி கேக்குறாக, விடலாமா”ன்னு என் போனுக்கே தானாக் கேள்வி வந்துச்சு. நான் “பாத்துக்கிறட்டும்”னு சம்மதம் குடுத்துட்டேன் ஆச்சி. அப்பவும் ஒங்க புது போன நம்பி அவுக விடல.